நாடிக்கு ஓர் ஆங்கிலச் சொல்

கனகசபாபதியை ஊரில் எல்லோரும் முதலியார் என்றே கூப்பிட்டார்கள். அது அவருடைய குடும்பப் பெயரும் அல்ல, அரசாங்கம் கொடுத்த கௌரவமும் அல்ல, உத்தியோகம். கோட்டிலே சாட்சிக் கூட்டுக்குப் பக்கத்தில் நின்று, சாட்சி தமிழில் சொல்வதை நீதிபதிக்கு ஆங்கிலத்தில் சொல்வார். வழக்குப் பேசும் பிரக்கிராசிமார் ஆங்கிலத்தில் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்வார். இருபத்தேழு வருடமாக உரும்பிராயில் காலை பஸ் ஏறி, வடகரைப் பக்கம் இருந்த அந்தக் கோட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தேழில் அந்தக் கோட்டு நீதிபதி வட்டுக்கோட்டைப் பக்கத்துத் தமிழர். பிரக்கிராசிமார் தமிழர். வழக்காளி, எதிராளி, சேவகன், வெளியே வேம்பின் கீழ் கச்சான் கடலை விற்கிறவள் எல்லோரும் தமிழர். சாட்சி வாய் திறந்தவுடன் எல்லோருக்கும் விளங்கிவிடும். ஆனாலும் விளங்காதவர்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, கனகசபாபதி அதை ஆங்கிலத்தில் சொல்லும்வரை காத்திருப்பார்கள். அவர் சொன்னதுதான் பதிவில் ஏறும். சிங்களம் மட்டும் என்று கொழும்பில் முந்திய வருடம் சட்டம் செய்திருந்தார்கள். அது இந்தப் பக்கம் இன்னும் வந்து சேரவில்லை. அதுவரைக்கும் தமிழர் தமிழருக்கு ஆங்கிலத்தில் நீதி வழங்கிக்கொண்டிருந்தார்கள்.

கனகசபாபதிக்கு ஆங்கிலம் என்றால் உயிர். அந்த உயிருக்குக் கோட்டிலே போதிய தீனி கிடைக்கவில்லை என்பதுதான் அவருடைய குறை. வேலி வழக்குகளும், வலை அறுத்த வழக்குகளும், தண்ணீர்ப் பங்கு வழக்குகளும் அறுபது சொல்லுக்குள் அடங்கிவிடும். மனதில் அடுக்கி வைத்திருந்த மீதிச் சொற்களை எடுத்து வைக்க ஓர் இடம் வாய்க்காதா என்று அவர் ஏங்கியிருந்த காலத்தில்தான் தங்கமுத்துவின் வழக்கு வந்தது.

தங்கமுத்து வல்வெட்டித்துறையில் ஒரு தண்டையலின் விதவை. புருசன் பாய்க்கப்பல் ஓட்டிச் சேர்த்த கல்வீடும், கிணற்றோடு ஒரு துண்டு வளவும் இருந்தன. ஒரே மகன் பஞ்சலிங்கம் கொழும்பில் கடை வைத்திருந்தான். பதினொரு வருடத்தில் இரண்டு முறை வந்து போனான். தாயைப் பார்த்தது அவளுடைய தமையனின் மகள் பத்மாசினி. பத்தொன்பது வயதில் மாமியின் வீட்டுக்கு வந்தவள், முப்பது வயதுவரை அங்கேயே இருந்தாள். கடைசிக் காய்ச்சலில் தங்கமுத்து உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசைக் கூப்பிட்டு, வீட்டையும் வளவையும் பத்மாசினிக்கு நன்கொடையாக எழுதிப் பெருவிரலை வைத்தாள். அன்று விளக்கு வைக்க முன்னம் கண்ணை மூடிவிட்டாள்.

பஞ்சலிங்கம் ரயிலில் வந்து இறங்கி, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு வழக்குப் போட்டான். பிரேதத்தின் விரலைப் பிடித்து மையில் அமத்தியிருக்கிறார்கள், அப்படியில்லாவிட்டாலும் அறிவு கெட்ட பிறகு அமத்தியிருக்கிறார்கள் என்பது அவனுடைய கட்சி. அவன் பொய்யன் அல்ல. தன் தாய் தன்னைத் தள்ளிவிட்டு இன்னொருத்திக்கு எழுதியிருப்பாள் என்பதை அவனால் உண்மையிலேயே நம்ப முடியவில்லை.

உறுதிக்குச் சாட்சியாகக் கைச்சாத்து வைத்த இரண்டு பேரும் பத்மாசினிக்கு உறவு. தங்கமுத்து அறிவோடு இருந்தாள் என்று நொத்தாரிசு சொன்னார். எந்த நொத்தாரிசுதான் அதைச் சொல்லாமல் விடுவார்? மிஞ்சியவர் நாட்டு வைத்தியரான உடுப்பிட்டிப் பரியாரியார் கதிரவேலு. இரு பகுதிக்கும் உறவில்லாதவர். அன்று காலை தொடங்கிப் பின்னேரம்வரை கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து நாடி பார்த்தவர்.

பரியாரியார் சாட்சி சொல்லப் போகிறார் என்று தெரிந்தவுடன் கனகசபாபதி மயிலிட்டிக்குப் போனார். அங்கே பிலிப்பு என்று, அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்ற அப்போதிக்கரி ஒருவர் இருந்தார். அவரிடம் அட்டை போன ஆங்கில வைத்தியப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி, நாடியைப் பற்றிய அதிகாரத்திலிருந்து முப்பத்தொரு சொல்லைக் கொப்பியில் எழுதினார். அந்த ஒரு கிழமை அவர் சந்தோசமாக இருந்தார். ஆங்கிலேயரின் நாடி நூலாக ஓடியது, கம்பியாக இறுகியது, அலையாக எழுந்தது. ஒரு நாடிக்குத் தண்ணீர்ச் சம்மட்டி என்று பெயர். தண்ணீருக்கு ஏன் சம்மட்டி என்று பிலிப்புவிடம் கேட்டதற்கு, எனக்கும் அது கடைசிவரை விளங்கவில்லை, பரீட்சையில் எழுதிச் சித்தியடைந்தேன், அவ்வளவுதான் என்றார். முப்பத்தொன்றில் கனகசபாபதிக்கு மிகப் பிடித்தது ‘டைக்றொற்றிக்’. இருதயம் ஒருமுறை அடிக்க, விரலுக்கு இரண்டு அடியாகத் தெரியும் நாடி. பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிப் பார்த்துக்கொண்டார்.

விசாரணை நாளில் கதிரவேலுப் பரியாரியார் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டில் ஏறினார். மெலிந்த மனிதர். பத்மாசினியின் பிரக்கிராசி சோமசேகரம் எழுந்து, அன்றைய நாடியின் நிலையைச் சொல்லும்படி கேட்டார்.

“காலமை நான் கை பிடிக்கேக்கை நாடி தவளை மாதிரித் தத்திச்சுது” என்றார் பரியாரியார்.

தவளையை ஆங்கிலப் பதிவுக்குள் விட கனகசபாபதிக்கு மனம் வரவில்லை. துள்ளியெழும் நாடிக்கு உரிய சொல்லைக் கொப்பியிலிருந்து எடுத்து வைத்தார். நீதிபதி எழுதினார். மத்தியானம் நூல் மாதிரி மெலிந்தது என்றார் பரியாரியார். அதற்கு ஆங்கிலத்திலும் நூல்தான். கனகசபாபதிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

“பின்னேரம் விட்டு விட்டு அடிச்சுது. ஒண்டு அடிக்கும், நிண்டு யோசிக்கும். பிறகு ஒண்டு அடிக்கும்.”

விட்டு விட்டு அடிப்பதற்கு ஆங்கிலத்தில் அளவெடுத்த சொல் இருக்கிறது. கனகசபாபதி அதைச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பரியாரியார் ஒன்று, பிறகு ஒன்று என்று இரண்டு தரம் சொன்னாரே என்று ஒரு சாட்டு மனதில் வந்தது. சாட்டு வந்த அதே கணத்தில் சொல்லும் வாயில் வந்துவிட்டது. விட்டு விட்டும், டைக்றொற்றிக்காகவும் இருந்தது என்று ஆங்கிலத்தில் முடித்தார்.

நீதிபதியின் பேனா நின்றது. அந்தச் சொல்லின் எழுத்துக்களைச் சொல்லும்படி கேட்டார். இருபத்தேழு வருடத்தில் ஒரு நீதிபதி கனகசபாபதியிடம் எழுத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் நிமிர்ந்து நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். பஞ்சலிங்கத்தின் பிரக்கிராசி தில்லைநாதன் எழுந்து, அதன் பொருள் என்ன என்று கேட்டார். சோமசேகரம் அதற்கு ஏதோ மறுப்புச் சொன்னார். மூன்று பேரும் ஆங்கிலத்தில் கதைத்தார்கள்.

தன்னைத் தொடர்ந்து சொல்லச் சொல்கிறார்கள் என்று எண்ணிய பரியாரியார், தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டு போனார்.

“அப்ப அவா என்னைப் பாத்து, எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி, ‘கையை விடும் பரியாரியார், நான் விரல் வைக்கவேணும்’ எண்டவா. நான் விட்டன்.”

அது கனகசபாபதி ஒருவருடைய காதில்தான் விழுந்தது. அவர் அப்போது ஆறாவது எழுத்தில் நின்றார். பொறுங்கோ என்று உள்ளங்கையை மெல்லக் காட்டினார். பரியாரியார் தான் சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று என்று வாயை மூடிக்கொண்டார். எழுத்து முடிந்து, பொருள் முடிந்து, மறுப்பு முடிந்தபோது சோமசேகரம் அடுத்த கேள்விக்குப் போயிருந்தார். நொத்தாரிசு எத்தனை மணிக்கு வந்தார் என்பது கேள்வி.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவும்போதுதான் அது கனகசபாபதிக்கு உறைத்தது. பெண்களுக்கு நாடி பார்ப்பது இடக்கையில். உறுதியில் அடையாளம் வைப்பதும் இடக்கைப் பெருவிரல். சாகக் கிடந்த மனிசி, நாடி பிடித்திருந்தவரிடம் தன் கையைத் திருப்பிக் கேட்டு வாங்கி விரலை வைத்திருக்கிறாள். அறிவு இருந்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்த ஒரு வசனத்துக்குள் முழு வழக்கும் இருந்தது. அதை அவர் பதிவுக்கு வெளியே விட்டுவிட்டார்.

போய்ச் சொல்லியிருக்கலாம். சோமசேகரம் வேம்பின் கீழ்தான் நின்றார். நாளைக்கு மீள்விசாரணையில் அவரே கேட்பார், எந்தக் கேள்வி கேட்கவேண்டும் என்று பிரக்கிராசிக்குச் சொல்வது முதலியாருடைய வேலை அல்ல என்று கனகசபாபதி தன்னைத்தானே தேற்றிக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். நீதிபதி எழுத்துக் கேட்ட சந்தோசமும் இன்னும் முழுதாகக் கரையவில்லை.

அடுத்த நாள் தில்லைநாதன் குறுக்கு விசாரணைக்கு எழுந்தபோது அவர் கையிலும் ஒரு வைத்தியப் புத்தகம் இருந்தது. அது அட்டையோடு இருந்தது. நாடி டைக்றொற்றிக்காக இருந்தது என்று நேற்றுச் சொன்னீர், அப்படியென்றால் என்ன என்று கோட்டுக்கு விளக்கும் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

கேள்வியைத் தமிழில் சொல்லவேண்டியது கனகசபாபதி. அந்தச் சொல்லுக்குக் கொப்பியில் தமிழ் இல்லை. சாட்சி சொல்லாத ஒன்றை, அவர்தான் சொன்னதாக, அவருடைய முகத்தைப் பார்த்துக் கேட்கவேண்டியிருந்தது.

“நேற்று நீங்கள் சொன்ன இரட்டை அடி நாடி எண்டால் என்ன?”

பரியாரியார் அவரை உற்றுப் பார்த்தார். “இரட்டை அடியோ? நான் அப்பிடிச் சொல்லேல்லை, முதலியார். விட்டு விட்டு எண்டெல்லோ சொன்னனான்.”

பின்பக்க வாங்கில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. பரியாரியார் சொன்னது மூன்று வசனம். நான் அப்படிச் சொல்லவில்லை என்பதுவரை கனகசபாபதி ஆங்கிலத்தில் சொன்னார். மிச்சத்துக்கு வாயெடுக்க முன்னமே தில்லைநாதன் பாய்ந்துவிட்டார். பாயட்டும் என்று கனகசபாபதியும் விட்டுவிட்டார். நேற்றுச் சத்தியம் செய்து சொன்னதை இந்தச் சாட்சி இன்று மறுக்கிறார், யாரோ சொல்லிக் கொடுத்த பாடத்தை ஒப்புவித்துவிட்டு இரவோடு மறந்துபோனார் என்று தில்லைநாதன் உரத்துச் சொன்னார். சோமசேகரம் மீள்விசாரணையில் மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேச்செடுத்தார். முதலியாரும் சத்தியம் செய்தவர்தான், பதிவு பதிவுதான் என்று நீதிபதி நிறுத்தினார். கையை விடச் சொன்ன கதையை யாரும் கேட்கவில்லை. அதைத் தான் ஏற்கனவே சொல்லிவிட்டதாகப் பரியாரியார் நினைத்திருந்தார். கூட்டை விட்டு இறங்கும்போது கனகசபாபதியைத் திரும்பிப் பாராமல் போனார்.

மூன்று நாள் கனகசபாபதிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாலாம் நாள் கோடு கலைந்த பிறகு நீதிபதியின் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, நடந்ததைத் தமிழிலேயே சொன்னார். நீதிபதி தொப்பியைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

“முதலியார், பரியாரியார் சொன்னது எனக்கும் கேட்டதுதான். அந்தக் கை விடுற கதையைத் தவிர. ஆனா அந்தக் கதிரையிலை இருக்கேக்கை எனக்குத் தமிழ் தெரியாது.”

“ஐயா, இப்ப தெரியுந்தானே.”

“இப்ப நான் வீட்டை போறன்” என்று நீதிபதி எழுந்துவிட்டார்.

இரண்டு மாதத்தில் தீர்ப்பு வந்தது. பரியாரியாரின் சாட்சியம் நம்பத்தகாதது, உறுதி செல்லாது. அது ஆங்கிலத்தில் வாசிக்கப்பட்டது. பத்மாசினி பின்பக்க வாங்கிலிருந்து எழுந்து நின்று, பார்த்த முகங்களில் எதுவும் விளங்காமல், கடைசியில் கனகசபாபதியிடம் வந்தாள். “என்னவாம், முதலியார்?” என்றாள்.

அவர் தொழிலில் அதுவரை எந்த வசனமும் அவ்வளவு பாரமாக இருந்ததில்லை. “உறுதி செல்லாதாம், பிள்ளை” என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு, எந்த வாசலால் வெளியே போகவேண்டும் என்று கேட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து, விறாந்தை மேசையில் இருந்து சத்தியக் கடதாசி ஒன்று எழுதினார். சொல்லாத சொல்லைச் சேர்த்தேன், சொன்ன வசனத்தை விட்டேன் என்று மூன்று பக்கம். அலங்காரச் சொல் ஒன்றுகூட இல்லாமல் அவர் எழுதிய முதல் ஆங்கிலம் அது. மனைவி மகாதேவிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் அவருடைய முகத்தை வாசிக்கத் தெரியும். விசயத்தைக் கேட்டறிந்துவிட்டு, பென்சனுக்கு மூன்று வருசம்தான் கிடக்கிறது, வேலை போனால் என்ன செய்வது என்றாள். அவர் கடதாசியை மடித்து மேசையில் வைத்தார். விடிந்ததும் அவளே கடதாசியை மழைக்கு நனையாமல் ஒரு பழைய பையில் போட்டுக் கொடுத்தாள்.

சோமசேகரம் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு, மேல்முறையீட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று கனகசபாபதியின் கையைப் பிடித்துக் குலுக்கி, கொழும்பிலே வழக்குப் பேசப்போகும் அத்துவக்காத்துக்கு அனுப்பினார். கனகசபாபதி வேலை போகும் நாளை எதிர்பார்த்துக்கொண்டு வேலைக்குப் போனார். இரண்டு மாதம் கழித்து சோமசேகரம் அவரைத் தன் கந்தோருக்குக் கூப்பிட்டார்.

“உங்கடை கடதாசியை அத்துவக்காத்து மடிச்சு மேசை லாச்சிக்கை வைச்சிட்டார், முதலியார்.”

“ஏன்? உண்மையைத்தானே எழுதினனான்.”

“உண்மைதான். ஆனா அந்தச் சொல்லுத்தான் எங்கடை பக்கத்துப் பலமாம். அதிலை ஒருத்தரும் கை வைக்கக்கூடாதெண்டு எழுதியிருக்கிறார்.”

அந்த அத்துவக்காத்து கெட்டிக்காரர். ஒன்றரை வருடம் கழித்து மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. நீதிபதிமார் தமிழ் தெரியாதவர்கள். அவர்கள் முன்னால் இருந்தது ஆங்கிலப் பதிவு மட்டும். அதைப் படித்து அவர்கள் அதிசயித்திருந்தார்கள். கிராமத்து வைத்தியர் ஒருவர், படித்த டாக்குத்தர்மாரே கவனிக்கத் தவறும் நாடி பேதத்தை அத்தனை நுட்பமாக வர்ணித்திருக்கிறார். கணத்துக்குக் கணம் அப்படிக் கண்ணும் கருத்துமாக இருந்தவர், நோயாளி இறந்ததையோ அறிவிழந்ததையோ கவனியாமல் இருந்திருப்பார் என்று எண்ண இடமில்லை. மறுநாள் அந்தச் சொல்லை மறுத்தது குறுக்கு விசாரணையின் கலக்கத்தால். அவரை நேரிலே கண்ட கீழ்க்கோட்டு நீதிபதி அவருடைய கல்வியை உணரத் தவறியது வருந்தத்தக்கது. ஆகவே உறுதி செல்லும். கடைசிப் பந்தியில், இவ்வளவு கடினமான சாட்சியத்தைப் பிசகில்லாமல் மொழிபெயர்த்த முதலியாருக்கு ஒரு வரி பாராட்டும் இருந்தது. ஒரு மாதத்துக்குள் அந்த வரியைச் சுட்டிக்காட்டி மேலிடத்திலிருந்து ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. சேவகன் அதைக் கண்ணாடி போட்டு மாட்டவா என்று கேட்டான். கனகசபாபதி வேண்டாம் என்றார்.

பஞ்சலிங்கம் கொழும்புக்குப் போய்விட்டான். அம்மாவை ஆங்கிலத்தால் ஏமாற்றிப்போட்டார்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொன்னானாம். அவன் பிழையாகச் சொன்ன எத்தனையோ விசயங்களில் அது மட்டும் பாதி சரி.

கனகசபாபதி ஒரு ஞாயிற்றுக்கிழமை உடுப்பிட்டிக்குப் போனார். கதிரவேலுப் பரியாரியார் முற்றத்தில் வேர்களைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். மேல்முறையீட்டுத் தீர்ப்புப் பேப்பரில் வந்த பிறகு அவரிடம் சனம் கூடியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கார் பிடித்தும் வந்தார்கள். நாடியை மட்டும் பார்த்துச் சொல்லுங்கோ, மருந்து இங்கிலிஷ் டாக்குத்தரிடம் எடுக்கிறோம் என்றார்களாம். கனகசபாபதி ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லி, மன்னிப்புக் கேட்டார்.

பரியாரியார் வேர்களைத் திருப்பிப் போட்டார். “அந்தப் பெட்டைக்கு வீடு கிடைச்சுதோ?”

“ஓம்.”

“அது நல்லது.” ஒரு வேரை எடுத்து மண்ணைத் தட்டிக்கொண்டு சொன்னார்: “நீர் சொன்ன அந்த இரட்டை அடி நாடியை நான் ரெண்டு மூண்டு பேரிலை பிடிச்சிருக்கிறன். தங்கமுத்துவுக்கு அது இருக்கேல்லை. அவாவின்ரை நாடி கடைசிவரை ஒழுங்கான நாடி. விட்டு விட்டுத்தான் போச்சுது, எண்டாலும் மரியாதையாப் போச்சுது. இல்லாத நோய் வருத்தத்தை அவாவிலை ஏத்தி வைச்சிருக்கிறியள். அதைத்தான் என்னாலை பொறுக்கேலாமல் கிடக்கு.”

கனகசபாபதி முற்றத்திலேயே நின்றார். பரியாரியார் இருக்கச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. வெயில் ஏறியபோது அவராகவே விடைபெற்றுக்கொண்டார்.

திரும்பும் வழியில் வல்வெட்டித்துறையில் இறங்கினார். பத்மாசினி அவரைக் கண்டதும் கதிரை போட்டு, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். உங்கள் இங்கிலிஷாலேதான் வீடு தப்பியது என்று எல்லோரும் சொல்கிறார்கள், அந்தச் சொல் என்ன, தமிழில் ஒரு கடதாசியில் எழுதித் தாருங்கள், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன் என்றாள். கனகசபாபதி கடதாசியை வாங்கவில்லை. மாமி விரல் வைத்த நேரம் நீ எங்கே நின்றாய் என்று கேட்டார். நொத்தாரிசு என்னை வெளியே நிற்கச் சொன்னார், நான் குசினியில் மல்லித் தண்ணி கொதிக்க வைத்துக்கொண்டு நின்றேன் என்றாள் அவள்.

“மாமி என்ன சொன்னவா எண்டு ஒருத்தரும் உனக்குச் சொல்லேல்லையோ, பிள்ளை?”

“இல்லை.”

“‘கையை விடும் பரியாரியார், நான் விரல் வைக்கவேணும்’ எண்டவாவாம்.”

கூட்டாமல் குறைக்காமல் அவர் சொல்லி முடித்ததும் பத்மாசினி குசினிப் பக்கம் போய்விட்டாள். வெகு நேரம் வரவில்லை. தேத்தண்ணி ஆறிப்போயிற்று. ஆனாலும் அவர் அதை முழுதாகக் குடித்துவிட்டு, கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சொல்லாமலே பஸ்ஸுக்கு நடந்தார்.

அடுத்த மாதம் இடமாற்றம் கேட்டு எழுதினார். இவ்வளவு பாராட்டுப் பெற்றவர் ஏன் கோட்டு வேலையை விட்டுப் போகவேண்டும் என்று மேலிடத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. உடல்நிலை என்று போட்டுக்கொண்டார்கள். மிச்சக் காலத்தைக் காணிப் பதிவுக் கந்தோர் ஒன்றில் பழைய உறுதிகளைப் பிரதி பண்ணிக் கழித்தார். அங்கே யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. எழுதியிருப்பதை எழுதினால் போதும். கந்தோர் பக்கத்திலேயே இருந்ததால் பஸ் செலவு குறைந்தது, மத்தியானம் வீட்டுக்கு வந்து சுடச்சுடச் சாப்பிட்டுப் போனார். மகாதேவிக்கு அது பெரிய திருப்தி.